கண்ணை மூடிப் பார்ப்பவர்

குதிரையைப் பார்க்க வேண்டும் என்றால் அவர் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாள் அதைக் கண்டபோது ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். பம்பாய் மாஹிமில் அந்த ஆபீசின் பின்முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு விக்டோரியா வண்டிக் குதிரைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. காக்கிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கண்ணை இறுக்க மூடி, ஒரு குதிரையின் பிடரியில் கையை வைத்தார். கை அங்கிருந்து தோளுக்குப் பின்னால் இறங்கி, விலாவில் கொஞ்ச நேரம் தங்கி, முதுகுத்தண்டோடு போய், வால் முளைக்கும் இடத்தில் நின்றது. பிறகு கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பி, "சரி" என்றார். எனக்கு என்ன சரி என்று புரியவில்லை. "சரின்னு எழுதுங்கம்மா" என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் மாட்டுங்காவில் அண்ணா வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போய்வந்தேன். டைப்பும் ஷார்ட்ஹாண்டும் படித்த மாட்டுங்காப் பெண்கள் எல்லாம் கோட்டைப் பக்கத்துக் கம்பெனிகளில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் குதிரைச் சாணி வாசனையில் வேலை கிடைத்தது. வாடகை வண்டி இழுக்கும் குதிரைகள் உடம்பு தேறி இருக்கின்றனவா என்று சோதித்து, வருஷத்துக்கு ஒரு முறை தகுதிச் சீட்டு கொடுக்கிற ஆபீஸ் அது. சீட்டில் கையெழுத்துப் போட ஒரு டாக்டர் உண்டு. சனிக்கிழமை வருவார், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கையெழுத்துப் போடுவார். குதிரையைத் தொட்டுப் பார்ப்பது இவர் ஒருவர்தான். இவர் சொல்வதை நான் ரிஜிஸ்டரில் எழுதி, சீட்டை டைப் அடிக்க வேண்டும். வெளிச்சம் வேண்டுமென்று என் மேஜையையும் டைப்ரைட்டரையும் முற்றத்தைப் பார்த்த வராந்தாவில் போட்டிருந்தார்கள்.

அவரிடம் மொத்தம் மூன்றே சொற்கள் இருந்தன. மெலிவு, சரி, கொழுப்பு. மெலிவு என்றால் பதினைந்து நாள் வண்டி கட்டக் கூடாது. தீனி போட்டுத் தேற்றிக் கொண்டுவர வேண்டும். கொழுப்பு என்றாலும் சீட்டு கிடையாது. ஒரு நாள் வேலை ஓய்ந்த நேரத்தில், எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மூணும் ஒங்க கையிலயே இருக்கும்மா" என்றார். "கைய இறுக்கி மூடிக்கிட்டு முட்டிய தடவிப் பாருங்க. மேடும் பள்ளமுமா இருக்கா? வெலா அப்படி இருந்தா அது பட்டினி கெடக்க குதிர. இப்பம் கைய விரிச்சு உள்ளங்கைய தடவுங்க. எலும்பே தட்டலேல்லா? அது கொழுப்பு. அப்படியே திருப்பிப் பொறங்கைய தடவுங்க. கண்ணுக்குத் தெரியாது, ஆனா வெரலுக்குத் தட்டும். அதான் சரி."

"அதைக் கண்ணைத் திறந்துண்டே பண்ணினா என்ன?"

"கண்ணு இருக்கே, அது நெறத்தப் பாக்கும், மினுமினுப்பப் பாக்கும், வண்டிக்காரன் மூஞ்சியப் பாக்கும். குதிரையத் தவிர எல்லாத்தையும் பாத்துரும்."

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. என்னைப் பெண் பார்க்க வந்து போனவர்கள் அதற்குள் நாலைந்து பேர். அந்த வாரம் செம்பூரிலிருந்து வந்தவர்கள், பெண் ரொம்ப ஒல்லி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனசில் அது உறுத்திக்கொண்டிருந்ததால் அவரிடம் சொல்லிவிட்டேன். "கண்ணால பாத்துட்டுச் சொன்னவுக பேச்சுதான? தள்ளிவிடுங்க" என்று சொல்லிவிட்டு, தொட்டியில் கை கழுவப் போய்விட்டார். அண்ணா, மன்னி, பக்கத்து வீட்டு மாமி என்று ஆளாளுக்குச் சொன்ன ஆறுதல்களை எல்லாம்விட இது எனக்குத் தெம்பாக இருந்தது.

அவர் நெல்லைச் சீமைக்காரர். தாராவியில் குடியிருந்தார். சண்டைக் காலத்தில் ராணுவத்தில் கோவேறு கழுதைகளோடு பர்மா எல்லைவரை போய்வந்ததாக ஒரு தடவை சொன்னார். அங்கே ராத்திரி விளக்கு ஏற்றக் கூடாது, அதனால் இருட்டிலேயே தடவிப் பார்த்துப் பழகியதாம். அதற்கு மேல் கேட்டால் பதில் வராது. எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். பழக்காரியிடம் தர்பூசணியைத் தடவியே எடுப்பார். புது நாற்காலி வந்தால் உட்காரும் முன் அதன் காலைத் தடவுவார். யார் கொடுத்தாலும் டீ குடிக்க மாட்டார். தூக்குச் சட்டியில் வீட்டுக் கடுங்காப்பி வரும். வண்டிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'அந்தா' என்பார்கள். ஹிந்தியில் குருடன். ஆனால் குதிரை தீனி எடுக்கவில்லை என்றால் அந்தக் குருடனைத் தேடித்தான் ஓடி வருவார்கள்.

சோதனை நாளுக்கென்றே வண்டிக்காரர்களிடம் சில கைவேலைகள் இருந்தன. முதல் நாள் குதிரைக்கு உப்பை நக்கக் கொடுத்துவிட்டு, காலையில் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிடுவார்கள். அது குடித்துக் குடித்து வயிறு பீப்பாய் மாதிரி ஆகிவிடும். தோலுக்குத் தேங்காயெண்ணெய் போட்டு மினுக்குவார்கள். முதுகின் மேல் ஜூல் என்கிற ஜிகினாப் போர்வையைப் போட்டுக் கொண்டுவருவார்கள். கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற குதிரை மாதிரி அழகாகத்தான் இருக்கும். போர்வையை எடு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் கை பாட்டுக்குத் துணிக்கு அடியில் போய், முதுகெலும்பைத் தேடிப் பிடித்துவிடும்.

"என்னவே பாய், வயித்துக்குள்ள மாஹிம் கடலையே கொண்டாந்துட்டீரா?" என்று ஒரு நாள் ஒருவரைக் கேட்டார். இந்த பாய் தென்காசிப் பக்கத்து ராவுத்தர். மாஹிம் தர்கா பக்கத்தில் குடியிருந்துகொண்டு சொந்தமாக ஒரே ஒரு குதிரை வைத்து வண்டி ஓட்டினார். எப்போதும் சிரித்த முகம்.

"எங்கேங்க, நேத்து அதுக்குக் கொஞ்சம் தாகம்" என்றார் பாய்.

"வயிறு என்ன வேணா சொல்லும். முதுகு என்ன சொல்லுதுன்னு நீரே தொட்டுப் பாரும்." பாயின் கையைப் பிடித்துத் துணிக்கு அடியில் செருகினார். பாய் அசடு வழிந்தார். "மெலிவு. பதினஞ்சு நாள். கொள்ளு ஊறப்போட்டுக் குடும், பச்சைப்புல் வேண்டாம், வயித்துப் பூச்சிக்கும் ஒருதரம் மருந்து குடும்" என்றார். பாய் மறுபேச்சில்லாமல் போனார். பதினாறாம் நாள் வந்தபோது குதிரை 'சரி' ஆகியிருந்தது.

கொழுப்புக்கும் அவரிடம் இரக்கம் கிடையாது. தாதரில் மிட்டாய்க்கடை வைத்திருந்த ஒரு சேட், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் வெள்ளைப் பெண்குதிரையைக் கொண்டுவந்தார். வெல்லமும் கடலையும் நெய்யுமாகப் போட்டு வளர்த்தது. முதுகில் இரு பக்கமும் சதை மேடிட்டு, நடுவே வாய்க்கால் ஓடியது. ஆபீசே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. இவர் கண்ணை மூடித் தடவிவிட்டு, "கொழுப்பு" என்றார். சேட் கொதித்துப்போய், இதைவிட நல்ல தீனி பம்பாயில் எந்தக் குதிரை தின்கிறது என்று ஹிந்தியில் கத்தினார். அதனால்தான் சேட்ஜி, இப்படியே போனால் குளம்பில் சூடேறி நிற்க முடியாமல் விழுந்துவிடும், தினம் நாலு மைல் நடத்துங்கள், நீங்களும் கூடவே நடந்தால் ரெண்டு பேருக்கும் நல்லது என்று இவரும் ஹிந்தியிலேயே சொன்னார். வண்டிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் குதிரைகள் மிரண்டன.

இப்படி இருந்தவர்தான். அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில், அவர் சட்டைக் கை மணிக்கட்டுவரை இறங்கிப் பொத்தான் போட்டுக்கொண்டது. எனக்கு முதலில் அது உறைக்கவில்லை. உறைக்க வைத்தது ரிஜிஸ்டர்தான். ஒரு பக்கம் முழுக்க 'சரி'. அடுத்த பக்கமும் 'சரி'. வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற என் கண்ணுக்கே விலா எண்ணக் கிடைத்த ஒரு குதிரையைத் தடவிவிட்டு, "சரி" என்றார். நான் பேனாவை எடுக்காமல் அவரையே பார்த்தேன். "எழுதுங்கம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வண்டிக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, செலவு இருக்குமே, கையை நீட்ட ஆரம்பித்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். யாரும் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் மற்றவன் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு, தன் காரியம் சும்மாவே முடிந்ததில் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் சந்தேகம் வந்ததை மறைப்பானேன். எத்தனை நேர்மையான ஆளுக்கும் பெண் கல்யாணம் என்று வந்தால் முதுகு வளையும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. பார்த்தால், பீடி அடிவரை எரிந்து அவர் விரலைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. அவர் பாட்டுக்குத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஐயோ, கை, கை!" என்று கத்தினேன். அவர் குனிந்து பார்த்து, பீடியைத் தட்டிவிட்டார். விரலில் தோல் வெந்து போயிருந்தது. முகத்தில் வலியே இல்லை. நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

வராந்தாவுக்கு வந்து, என் மேஜைக்கு நாலடி தள்ளியே நின்றார்.

"ரெண்டு மாசமாச்சும்மா. மொதல்ல சுண்டுவெரலு மரத்துச்சு. இப்பம் ரெண்டு கையிலயும் ஒண்ணும் தெரியல. ஆஸ்பத்திரியில ஊசியால குத்திப் பாத்தாக. பெருவியாதின்னுட்டாக."

தொழுநோயை அப்போது அப்படித்தான் சொல்வார்கள், அதுவும் மெதுவாக. நான் என்னை அறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது.

"மாத்திரை தந்திருக்காக. ஒழுங்கா முழுங்கினா யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சத்தியமா சொல்லுதாரு. ஆரம்பந்தானாம், வெளிய தெரியாமலே போயிருமாம். வெரலுக்கு உணர்ச்சி திரும்புமான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லல."

"அப்போ லீவு போடப்படாதா?"

"தையில மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு அம்பர்நாத்து. நான் இப்பம் வீட்டுல உக்காந்தா ஏன்னு கேப்பாக. ஏன்னு கேட்டா எங்க போயி முடியும்? தை முடியட்டும், நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிருதேன்."

"சரி, அதுவரைக்கும் கண்ணால பார்த்துச் சொல்லுங்கோளேன்."

"இத்தன வருசமா மூடியே பாத்தவன் திடீர்னு கண்ணத் தொறந்து பாத்தா, அந்தானைக்கு மாஹிம் பூரா கேள்வி வந்துரும். அதுவும் போக, தொறந்து பாத்தா எல்லாக் குதிரையும் எனக்கு ஒண்ணு போலத்தான் தெரியுது தாயி."

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்த வெட்கம்தான் சொல்லவைத்தது என்று இப்போது தோன்றுகிறது. டைப்ரைட்டரில் வரி முடிகிற இடத்துக்கு உருளையைத் தள்ளினால் டிங் என்று மணி அடிக்கும். நான் வராந்தாவிலிருந்து குதிரையைப் பார்ப்பேன். மெலிவாக இருந்தால் ஒரு மணி. கொழுப்பாக இருந்தால் இரண்டு. சரியாக இருந்தால் சும்மா இருப்பேன். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடித் தடவிக்கொண்டிருக்கலாம். டைப் அடிக்கிற இடத்தில் மணி அடித்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஒருவரும் கவனிக்கவில்லை. கார்த்திகை முழுக்க அப்படியே ஓடியது. இடுப்பெலும்பு துருத்துகிறதா, வால் அடியில் குழி விழுந்திருக்கிறதா, முதுகு கூரை மாதிரி சரிகிறதா என்று தூரத்திலிருந்தே பார்க்கப் பழகிக்கொண்டேன். 'மெலிவு' மறுபடி ரிஜிஸ்டருக்கு வந்ததும், அந்தாவுக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது என்று வண்டிக்காரர்கள் முனகினார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற மாட்டுங்காப் பெண்களில் யாருக்குக் குதிரையின் எடை தெரியும்?

மார்கழி பிறந்து சில நாளில், முன்பு சொன்ன அந்த மாஹிம் பாய் சீட்டைப் புதுப்பிக்க வந்தார். ஒரு மாதமாகக் காய்ச்சலில் படுத்துக் கிடந்தவர், கன்னம் ஒட்டியிருந்தது. குதிரை பளபளவென்று இருந்தது. வயிறு உருண்டு இருந்தது. முதுகின் மேல் சிவப்பு ஜிகினாப் போர்வை, ஓரமெல்லாம் குஞ்சம். பாய் என்னைப் பார்த்து, "நல்லாயிருக்கீங்களாம்மா?" என்று சிரித்தார். நல்லாயிருக்கேன் என்றேன். அன்றைக்கு வரிசை நீளம். மதியமாகிவிட்டது, எனக்குப் பசி.

இவர் கையைப் போர்வைக்கு அடியில் விட்டார். முதுகுத்தண்டோடு மெல்ல நகர்த்தினார். இடுப்பில் நிறுத்தினார். வழக்கத்தைவிட ஒரு நிமிஷம் கூடவே நின்றார். மணிக்காகத்தான் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் போர்வையைப் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன், பாயின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தேன். போர்வையை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் என் மாதிரி ஆள் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் ஒரு நாளும் எடுக்கச் சொன்னதில்லையே. நான் மணி அடிக்கவில்லை.

"சரி" என்றார்.

நாலாம் நாள் அந்தக் குதிரை மாஹிம் பாலத்து ஏற்றத்தில், மூன்று பேர் ஏறிய வண்டியோடு, முன்னங்கால் மடங்கி விழுந்தது. எழுந்திருக்கவில்லை. பாயின் கால் சக்கரத்தில் மாட்டி முறிந்தது. வண்டியில் இருந்த ஒரு பெரியவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. கூட்டம் கூடி வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்து, போர்வையை எடுத்தார்கள். முதுகெலும்பு ரம்பம் மாதிரி இருந்ததாம். இதற்கு யார் சீட்டு கொடுத்தது என்று கேட்டு அந்தப் பெரியவரின் மகன் மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வாக்குமூலத்தை டைப் அடிக்க என்னையே உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். போகும் முன் வராந்தாவில் அவரிடம், "நான்தான் மணி அடிக்கலை. நான் சொல்லிடறேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவீங்க?"

"நடந்ததை."

"நடந்ததச் சொன்னா, மணி எதுக்குன்னு கேப்பாக. கை மரத்துப்போச்சுன்னு சொல்லணும். ஏன் மரத்துச்சுன்னு கேப்பாக." குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. லஞ்சம் வாங்குனவன் வீட்டுல பொண்ணு எடுப்பாக. இந்தச் சீக்குக்காரன் வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டாக. நீங்க வாயத் தொறக்கப்படாது."

உள்ளே அதிகாரி ஹிந்தியில் நேரடியாகக் கேட்டார். குதிரையைத் தொட்டுப் பார்த்தாயா? பார்த்தேன் சாப். எலும்பு தட்டவில்லையா? ரிஜிஸ்டரைப் புரட்டி, கார்த்திகைக்கு முந்தின இரண்டு மாதமும் வரிசையாக 'சரி' என்று இருந்த பக்கங்களை அதிகாரி காட்டினார். வண்டிக்காரர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதும் அவர் காதுக்கு வந்திருந்தது.

"பைசா லியா?"

"லியா, சாப்."

வாங்கினேன் என்கிறார். என் விரல்கள் டைப்ரைட்டர் மேல் அப்படியே நின்றுவிட்டன. யாரிடம் வாங்கினாய் என்று அதிகாரி கேட்டார். ஒருவன் பெயரைச் சொன்னாலும் அவன் வண்டி நின்றுவிடும் என்பதால், ஞாபகம் இல்லை என்றார் இவர். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த குதிரையின் எந்த விலாவில் தழும்பு என்று சொல்லக்கூடிய மனிதர். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், "அடிங்கம்மா. வாங்குனேன்னு அடிங்க" என்றார்.

அடித்தேன். கார்பன் வைத்து மூன்று பிரதி. அவர் பேனாவைப் பிடிக்கத் தடுமாறி, ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. வேலை தப்பியது என்கிற நிம்மதிதான் முதலில் வந்தது. இதை எழுத உட்கார்ந்த பிறகு அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். முற்றத்தில் நின்ற வண்டிக்காரர்கள் வழிவிட்டார்கள். ஒருவன் 'சோர்' என்று மெதுவாகச் சொன்னான். திருடன் என்று.

இரண்டு வாரம் கழித்து மாஹிம் பாய் கட்டையை ஊன்றிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"அவுக என்னத்தம்மா வாங்குனாக? நாங்க ஒரு கிளாஸ் டீகூட அவுகளுக்கு வாங்கிக் கொடுத்ததில்லையே. என் குதிரைக்கு நான் உப்பு நக்கக் குடுத்ததுதான் நெசம். ஒரு மாசம் படுத்துட்டேன், புள்ளைகளுக்கே கஞ்சி இல்ல, அதுக்கு எங்க போக? போயி சொல்லிரட்டுமா?"

"சொல்லாதீங்கோ பாய்" என்றேன்.

"ஏம்மா?"

"சொன்னா அவருக்குத்தான் கஷ்டம்."

பாய்க்குப் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

தை மாதம் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. விலாசம் வேறு யாரோ எழுதியது. அண்ணா வீட்டில், சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாராவிக்குப் போனேன். சந்து முழுக்க அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கும்பிட்டதோடு சரி, யார் கையையும் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா? மொதப் பந்தியில உக்காருங்க" என்றார். மணமேடையில் பெண் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டி முடிந்திருந்தது, ஆனால் இன்னும் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மாப்பிள்ளைக்கு அத்தை. அம்பர்நாத்திலிருந்து வந்திருந்தாள். நல்ல பருமன், காது நிறையப் பாம்படம். நான் யார், என்ன வேலை, எங்கே குடியிருக்கிறேன் என்பதை எல்லாம் சாம்பார் வருவதற்குள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ரசம் வரும்போது என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க அந்த ஆபீசுதானம்மா? படிச்சவுக, பொய் சொல்ல மாட்டீக. அதான் ஒங்ககிட்ட கேக்கேன். சம்பந்தகாரருக்கு வேலை போச்சாமே, என்னத்துக்கு?"

நான் ரசத்தைச் சோற்றில் பிசைந்தேன்.

"லஞ்சம் வாங்குனாருன்னு சொல்லுதாக. இன்னொருத்தன் வேற ஏதோ சீக்குன்னு சொல்லுதான். கையில ஏதோ நோவாம்ல? மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. தாலி ஏறிட்டுன்னாலும், பொண்ண வீட்டுக்குள்ள கூப்புடதுக்கு முன்ன தெரிஞ்சுக்கிடணும்லா?"

பந்தலுக்கு வெளியே அவர் யாரையோ கும்பிட்டு வரவேற்பது தெரிந்தது.

"சீக்கெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றேன். "லஞ்சம்தான்."

"நெசமாவா?"

"நெசம். வண்டிக்காராள்ட்ட வாங்கினார். நானே பார்த்தேன். வாக்குமூலத்துல சாட்சிக் கையெழுத்துகூட நான்தான் போட்டேன்."

அத்தை பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவ்வளவுதான? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். இந்தக் காலத்துல யாருதான் வாங்கல?" என்றாள். பிறகு பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, என் இலையைக் காட்டி, இந்தம்மாவுக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னாள்.